காரில் சாட்டிலைட் ரேடியோ அறுந்து அறுந்து வருகிறது: சந்தாவைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

நெடுஞ்சாலை நேசன்:

வணக்கம். இங்கே அமெரிக்கா, கனடா பக்கம் கார் ஓட்டுபவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் கேட்கிறேன். காரோடு சேர்ந்தே வந்த சாட்டிலைட் ரேடியோ. ரொம்ப நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. இந்தக் கோடை ஆரம்பித்ததிலிருந்து பாட்டு நடுவில் நிற்கிறது, கொஞ்ச நேரம் மௌனம், அப்புறம் திரும்ப வருகிறது. பாலத்துக்குக் கீழே, சுரங்கப் பாதையில் நின்றால் புரிந்துகொள்ளலாம். பரந்த வெளியில், சுற்றிலும் வயல் மட்டும் இருக்கும் சாலையிலும் நிற்கிறது. வீட்டு வாசலில் மரத்தடியில் நிறுத்தினால் சுத்தமாக ஒன்றும் வருவதில்லை. நகரத்துக்குள் ஒரு குறிப்பிட்ட சந்திப்பு இருக்கிறது, அந்த இடம் வந்தாலே ரேடியோ செத்துவிடும், தாண்டினால் உயிர் வந்துவிடும். இதற்கு நடுவில் சில சேனல்கள் மட்டும் 'உங்கள் சந்தாவில் இல்லை' என்று காட்டுகின்றன, போன மாதம்வரை அவையும் வந்துகொண்டுதான் இருந்தன.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: 'சிக்னல் ரீஃப்ரெஷ் அனுப்பிவிட்டோம், கொஞ்ச நேரம் காத்திருங்கள்.' காத்திருந்தால் ஒன்றும் மாறுவதில்லை. மறுபடி கூப்பிட்டால் வேறு ஒருவர் எடுப்பார், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். கடைசியாகப் பேசியவர் பிரச்சினையைக் கேட்டுவிட்டு, இதைவிட உயர்ந்த பேக்கேஜுக்கு மாறுகிறீர்களா என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

பட்டறையில் காட்டினேன். எதையும் கழற்றிப் பார்க்காமலே 'ஆன்டெனா நன்றாக இருக்கிறது, சேவையில்தான் கோளாறு' என்றார்கள். சேவைக்காரர்கள் 'கார்தான் கோளாறு' என்கிறார்கள். பணம் மட்டும் மாதா மாதம் தவறாமல் கார்டிலிருந்து போகிறது. போனில் பாட்டு கேட்கலாமே என்று சொல்லாதீர்கள், நான் போகும் பாதி வழியில் செல்போன் டவரே கிடையாது, அதற்காகத்தான் இந்தச் சந்தாவே.

கம்பிக்காரன்:

கார் ஆடியோ மாட்டுவதுதான் என் தொழில், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். நீங்கள் ஒரே பிரச்சினை என்று எழுதியிருப்பது குறைந்தது இரண்டு, என் கணக்கில் மூன்று. எல்லாவற்றையும் ஒரே போன் காலில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் தன் கையில் இருக்கும் ஒரே மருந்தைத்தான் தருவார், அதுதான் அந்த ரீஃப்ரெஷ்.

ரேடியோ நின்றுபோகும்போது திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா? 'சிக்னல் இல்லை' அல்லது 'சிக்னல் தேடுகிறது' என்றால் வானத்திலிருந்து வருவது ரிசீவருக்கு எட்டவில்லை. 'ஆன்டெனாவைச் சரிபார்க்கவும்' என்றால் கூரைக்கும் ரேடியோவுக்கும் நடுவில் கேபிளிலோ கனெக்டரிலோ கோளாறு. 'சந்தாவில் இல்லை' என்றால் சிக்னல் நன்றாகவே வருகிறது, அதைத் திறக்கும் அனுமதிதான் இல்லை. ரீஃப்ரெஷ் சரிசெய்வது இந்தக் கடைசி ஒன்றை மட்டுமே. முதல் இரண்டுக்கும் அவர்கள் ஆயிரம் தடவை அனுப்பினாலும் பிரயோஜனம் இல்லை.

அந்த ரீஃப்ரெஷ் எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். அனுமதிச் செய்தி இன்டர்நெட் வழியாக வராது, அதே செயற்கைக்கோள் வழியாகத்தான் இறங்கி வரும். ரேடியோ ஆன் ஆகியிருக்க வேண்டும், கார் திறந்த வானத்தின் கீழ் இருக்க வேண்டும், எல்லோருக்கும் இலவசமாக வரும் அந்த அறிமுகச் சேனலில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காரை ஷெட்டுக்குள் விட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்து போனில் பேசினால் அனுப்பிய செய்தி காற்றோடு போகும். அப்புறம், சேனல் 0-க்குப் போனால் உங்கள் ரேடியோ எண் தெரியும். அதை எழுதிக்கொண்டு, பில்லில் இருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று பாருங்கள். குழப்பம் வரக்கூடாது என்று அந்த எண்ணில் ஐ, ஓ, எஸ், எஃப் ஆகிய நான்கு எழுத்துகளையும் வைப்பதே இல்லை. வட்டமாகத் தெரிந்தால் அது பூஜ்யம்தான். பழைய காரின் எண்ணுக்கே பணம் போய்க்கொண்டிருந்ததை என் வாடிக்கையாளர்களிடமே பார்த்திருக்கிறேன்.

வானவீதி:

கம்பிக்காரன் சொன்னது சரி. நான் மரத்தடி விஷயத்துக்கு வருகிறேன், கோடை ஆரம்பித்ததிலிருந்து என்று நீங்கள் எழுதியதுதான் முக்கியமான துப்பு.

இந்த ரேடியோ 2320 முதல் 2345 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் வருகிறது. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் பார்வைக்கு அசையாமல் நிற்கிறது. அவ்வளவு தூரம் வந்து சேரும்போது சிக்னலில் பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்காது, வழியில் ஒரு தடை இருந்தால் போதும். மழையைக் குறை சொல்வார்கள், ஆனால் இந்த அலைவரிசையில் மழைத்துளி பெரிய பாதிப்பு செய்யாது. டிவிக்கு வைக்கும் டிஷ் சுமார் 12 ஆயிரம் மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால் அது மழையில் படுத்துவிடும், அந்த அனுபவத்தை வைத்து இதையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம். இதற்கு எமன் இலைதான். அதிலும் ஈர இலை. குளிர்காலத்தில் மொட்டையாக நின்ற மரம் துளிர்த்துவிட்டால் உங்கள் வாசலில் சிக்னல் போய்விடும், அதில் அதிசயம் இல்லை.

எந்தப் பக்கம் தடை என்பதும் முக்கியம். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பதால் செயற்கைக்கோள் தெற்குப் பக்கம் இருக்கும். 25 டிகிரி அட்சரேகையில் அது நேர் தெற்கே இருந்தால் அடிவானத்திலிருந்து 60 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலே தெரியும். 45 டிகிரியில் அதே செயற்கைக்கோள் சுமார் 38 டிகிரிக்கு இறங்கிவிடும், தெற்கே இருக்கும் மாடிக் கட்டடமோ மலைச்சரிவோ மறைக்கப் போதும். வடக்கே போகப் போகப் புகார் அதிகமாவதற்கு இதுவே காரணம். இந்தச் சேவையை இங்கே ஆரம்பித்த இரண்டு நிறுவனங்களில் ஒன்றான சிரியஸ் 2000-இல் ஏவிய முதல் மூன்று செயற்கைக்கோள்களும் இப்படி ஒரே இடத்தில் நிற்காமல் நீள்வட்டப் பாதையில் சுற்றி, வட அமெரிக்காவுக்கு மேலே உயரத்தில் நீண்ட நேரம் தங்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. மற்றொன்றான எக்ஸ்எம் 2001-இல் ஒரே இடத்தில் நிற்கும் இரண்டோடு ஆரம்பித்தது. இரண்டு நிறுவனங்களும் 2008-இல் இணைந்தன. உயரமான கோணம் வேண்டுமா, பாதை எளிமை வேண்டுமா என்ற அந்தப் பழைய வாதம் எனக்கு இன்னும் சுவாரசியம்தான், ஆனால் உங்கள் பாட்டு நிற்காமல் இருக்க அது உதவாது, விடுங்கள்.

பாலத்துக்குக் கீழே போனாலும் பாட்டு நிற்காமல் வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரே நிகழ்ச்சியை ஒரு செயற்கைக்கோள் உடனேயும் இன்னொன்று சுமார் 4 விநாடி தாமதித்தும் அனுப்பும். முதலில் வந்ததை ரிசீவர் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, ஒன்று விட்ட இடத்தை மற்றதை வைத்து நிரப்பும். ஓடிக்கொண்டே பாலத்தைக் கடந்தால் தெரியாது, நெரிசலில் பாலத்தடியிலேயே நின்றுவிட்டால் கையிருப்பு தீர்ந்து மௌனமாகிவிடும். உங்கள் காரில் வயல் வெளியிலும் நிற்கிறது என்றால் இரண்டு வழியுமே ஒரே நேரத்தில் அடைபடுகிறது என்று பொருள். திறந்த வெளியில் அதற்குக் காரணம் வானத்தில் இருக்க வாய்ப்பு குறைவு, காரின் கூரையில்தான் தேட வேண்டும்.

சலித்துப்போன சந்தாதாரர்:

எல்லாம் அருமையான விஞ்ஞானம். ஆனால் காசு கொடுப்பவன் எதற்கு அட்சரேகை படிக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள். சந்தா விற்கும்போது 'கண்டம் முழுக்கக் கேட்கும்' என்கிறார்கள், கேட்கவில்லை என்றால் மரத்தை வெட்டு என்கிறார்கள்.

என் கதையும் இதேதான். ஒரு சேவையில் சலுகை விலைக்குச் சேர்ந்தேன், சலுகை முடிந்ததும் சத்தமில்லாமல் முழு விலைக்குத் தானாகவே புதுப்பித்துக்கொண்டார்கள், கேட்டால் எப்போதோ வந்த மின்னஞ்சலின் அடிக்குறிப்பில் இருக்கிறதாம். சேருவதற்கு ஒரு பட்டன் போதும், வெளியேற மட்டும் போனில் மல்லுக்கட்ட வேண்டும், விட்டுவிடுகிறேன் என்று சொன்ன நொடியே விலை பாதியாக இறங்கும், இன்னும் பிடிவாதமாக இருந்தால் இன்னும் இறங்கும், அப்படியானால் இவ்வளவு நாள் விசுவாசமாக முழு விலை கட்டியவன் யார், ஏமாளியா? ரத்து செய்யுங்கள். வழிக்கு வேண்டிய பாட்டை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், டவர் இல்லாவிட்டாலும் கேட்கும்.

கம்பிக்காரன்:

விலை விஷயத்தில் உங்கள் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இறக்கி வைத்த பாட்டில் செய்தியும் வராது, விளையாட்டு வர்ணனையும் வராது. நேசன் எதைக் கேட்கிறார் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

நேசன், பட்டறைக்காரர் கழற்றாமல் சொன்ன தீர்ப்பை நம்பாதீர்கள். கூரையில் இருக்கும் அந்தத் துடுப்பு ஆன்டெனாவுக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. அதற்கு மின்சாரம் ரேடியோவிலிருந்து அதே கேபிள் வழியாகவே போகிறது. கேபிள் முழுசாக அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ ரேடியோ கண்டுபிடித்து 'ஆன்டெனாவைச் சரிபார்க்கவும்' என்று சொல்லிவிடும். பாதி கெட்டுப்போன கேபிள்தான் வம்பு. துடுப்பின் அடியில் இருக்கும் ரப்பர் வெயிலில் காய்ந்து, கார் கழுவும் தண்ணீர் உள்ளே இறங்கி, கனெக்டரில் பச்சையாகப் பூத்துவிடும். மின்சாரம் அந்தப் பச்சையைத் தாண்டிப் போய்விடும், அதனால் திரையில் எச்சரிக்கை வராது. 2300 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் தாண்டி வராது. பட்டறையில் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால் பிழை இல்லை என்றுதான் காட்டும், அவர்களும் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. காந்தம் வைத்த தனி ஆன்டெனா, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு, விலைக்குக் கிடைக்கும். ரேடியோவின் பின்பக்கம் பழைய கேபிளைக் கழற்றிவிட்டு இதைச் செருகி, ஆன்டெனாவைக் கூரையில் வைத்து ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கனெக்டர் பொருந்துமா என்று முன்பே பார்த்து வாங்குங்கள், கார் தயாரிப்பைப் பொறுத்து மாறும். கூரையின் உலோகத்தின் மேல், ஓரத்திலிருந்து தள்ளி வையுங்கள். கண்ணாடிக் கூரையிலோ பிளாஸ்டிக்கிலோ வைத்தால் அடியில் உலோகம் இல்லாமல் அது ஒழுங்காக வேலை செய்யாது. டேஷ்போர்டில் வைக்கலாமே என்று கேட்பார்கள். சில கார்களின் முன்கண்ணாடியில் வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும், அது சிக்னலையும் சேர்த்துத் தடுத்துவிடும்.

வானவீதி:

அந்தச் சந்திப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே பக்கத்தில் செல்போன் டவர் இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள், இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

செல்போன் டவர்கள் சில 1940 மெகாஹெர்ட்ஸ் பக்கமும் சில 2135 பக்கமும் அனுப்புகின்றன. இரண்டும் சாட்டிலைட் ரேடியோவின் அலைவரிசைக்குள் வராதவை, தனித்தனியாகப் பார்த்தால் குற்றமில்லை. ஆனால் இரண்டும் பலமாக ஒரே இடத்தில் உங்கள் ஆன்டெனாவின் ஆம்ப்ளிஃபையருக்குள் நுழைந்தால், அது திணறிப்போய் இல்லாத ஒரு சிக்னலைத் தானே உண்டாக்கும். கணக்கு இதுதான்: 2135-ஐ இரண்டால் பெருக்கினால் 4270, அதில் 1940-ஐக் கழித்தால் 2330. நேராக 2320–2345-க்குள் வந்து விழுகிறது. டவரிலிருந்து 2330-இல் எதுவுமே வருவதில்லை, உங்கள் கூரைக்குள்ளேயே அது பிறக்கிறது, அதனால் யாரையும் கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. போதாததற்கு இந்த அலைவரிசைக்கு இரண்டு பக்கமும், 2305–2320, 2345–2360 என்று, தரைவழிச் சேவைகளுக்கு ஒதுக்கப்பட்ட பகுதிகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் ஒலிபெருக்கி கட்டிவிட்டு நம் வீட்டில் ரகசியம் பேசுவது போலத்தான்.

நகரங்களில் கட்டடம் மறைக்கும் என்பதால், அதே நிகழ்ச்சியைத் தரையிலிருந்து மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்கள் வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்திப்பு ரிப்பீட்டர் எட்டாத இடமாக இருந்தால் டவர் ஜெயித்துவிடும். இதில் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுதான். இடம், எந்தத் திசையில் போகும்போது, எந்த இடத்தில் நின்று எங்கே திரும்ப வருகிறது என்பதை எழுதி, ரீஃப்ரெஷ் வேண்டாம், பொறியாளர் குழுவுக்கு அனுப்புங்கள் என்று சொல்லிக் கொடுங்கள். 'அடிக்கடி நிற்கிறது' என்ற புகாரை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது, வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் கொடுத்தால் குறைந்தபட்சம் பார்க்க முடியும்.

பழைய அலை:

சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற பழைய சாட்டிலைட் ரேடியோ ஞாபகம் இருக்கும் ஆட்கள் இங்கே இருக்கிறீர்களா? 2000 மார்ச்சில் ஏவிய ஏஷியாஸ்டார் செயற்கைக்கோளிலிருந்து இந்தியாவுக்கு வந்தது, தமிழுக்கு என்றே கேஎல் ரேடியோ என்று ஒரு சேனல் இருந்தது. ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்துத் திசை பார்த்துத் திருப்ப வேண்டும், சிக்னல் அளவு ஏறும்வரை வீட்டில் ஒருவர் ஆன்டெனாவோடும் ஒருவர் ரேடியோவோடும் நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். ஒலி மட்டும் சுத்தமாக இருக்கும், நடுவில் விளம்பரத் தொல்லை இல்லாமல் கேட்ட சுகம் தனி. 2008 அக்டோபரில் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கோரியது, 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியச் சேவை நின்றது. அந்த ரிசீவரில் வேறு எந்தச் சாட்டிலைட் சேவையும் எடுக்காது.

இப்போது இருப்பவர்கள் மூடிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. சலுகை என்று ஆசை காட்டினாலும் பல வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டாதீர்கள், அவ்வளவுதான். சிக்னல் பிரச்சினை தீராத காருக்கு நீண்ட சந்தா எடுப்பது வீண்.

நெடுஞ்சாலை நேசன்:

எல்லோருக்கும் நன்றி. வார இறுதியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

சேனல் 0 எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதான். சந்தாவில் இல்லை என்று காட்டிய சேனல்களைப் பற்றி அவர்களுடைய ஆன்லைன் சாட்டில் எழுதிக் கேட்டேன். அவற்றை என் பேக்கேஜிலிருந்து எடுத்து மேல் பேக்கேஜுக்கு மாற்றிவிட்டார்களாம். ரீஃப்ரெஷ் அனுப்பியும் அவை வராத காரணம் இதுதான், இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம், ஒருவராவது என் கணக்கைத் திறந்து பார்த்திருந்தால்.

காந்த ஆன்டெனாவை வாங்கி மாட்டினேன். வயல் வெளிச் சாலையில் போகவர ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதனால் கூரைத் துடுப்பில்தான் கோளாறு என்பது உறுதி. மரத்தடியில் இதிலும் விட்டுவிட்டுத்தான் வருகிறது, காரை எதிர்ப்பக்கம் நிறுத்தினால் தெற்கு வானம் திறந்திருக்கிறது, அங்கே நன்றாக வருகிறது. சந்திப்பில் மாற்றமே இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், மூலைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வரிசையாக டவர் பெட்டிகள். திசையோடு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

சலித்துப்போன நண்பருக்கு: நான் கேட்பது பெரும்பாலும் செய்தியும் விளையாட்டும்தான், இறக்கி வைத்துக் கேட்க முடியாது. ஆனால் கேட்காத மாதங்களுக்குப் பணம் திருப்பிக் கேட்டால் தருவார்களா?

சலித்துப்போன சந்தாதாரர்:

கேளுங்கள், ஆனால் போனில் கேட்காதீர்கள், சாட்டில் கேளுங்கள், முழு உரையாடலையும் சேமித்து வையுங்கள். ஆன்டெனா கோளாறு உங்கள் கார் என்று தள்ளிவிடுவார்கள், அதனால் அதைப் பேசவே பேசாதீர்கள். சேனல்களைச் சொல்லாமல் எடுத்ததை மட்டும் பேசுங்கள், அது முழுக்க அவர்கள் பக்கம். பணமாகத் தராவிட்டாலும் அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள். கார்டையும் கழற்றுங்கள், தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுத்திவிட்டு பில் வந்தால் கட்டும் முறைக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

கம்பிக்காரன்:

துடுப்பை மாற்ற பட்டறைக்குப் போகும்போது காந்த ஆன்டெனாவோடு ஓட்டிக் காட்டுங்கள், பிறகு வாதம் இருக்காது. துடுப்பை மட்டும் மாற்றினால் போதாது, அடியில் இருக்கும் கனெக்டரையும் கூரைத் துணியை இறக்கிக் கேபிளின் முதல் இணைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள், பச்சை இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். ரப்பர் புதிதாகப் போடச் சொல்லுங்கள், பழையதையே ஒட்டித் தருவார்கள். வாரன்டி மிச்சம் இருக்கிறதா? இன்னொன்று, உங்கள் காரில் ஜிபிஎஸ்ஸும் அதே துடுப்புக்குள்தானா? அப்படியென்றால் வரைபடத்தில் கார் சாலையை விட்டுத் தள்ளி ஓடுவது போலக் காட்டுகிறதா பாருங்கள்.

நெடுஞ்சாலை நேசன்:

ஆமாம், காட்டுகிறது! மேப் பழசாகிவிட்டது என்று நினைத்து அப்டேட்டுக்குப் பணம் கட்ட இருந்தேன். வாரன்டி இன்னும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே புகார் எழுதிவிட்டேன், வெள்ளிக்கிழமை கார் உள்ளே போகிறது.